படுக்கை மண்டபத்துக் கொளுக்கிகள்

அண்ணையின் மகன் கனடாவிலிருந்து அழைத்தபோது நான் பண்பாட்டு நிலையத்தின் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று இரண்டு ஓடுகளை நகர்த்திவிட்டிருந்தது.

"மாமி, நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். இவவின்ரை அம்மாவும் வாறா. உங்கடை நிலையத்தைப் பாக்கவேணும் எண்டு அவதான் கேட்டவ."

"எங்கடை நிலையத்தைப் பற்றி அவவுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான். அவவும் உப்பிடி ஒரு இடத்திலைதான் வேலை செய்தவ. முந்தி விடுதிப் பள்ளிக்கூடமா இருந்த கட்டடம். இப்ப அவையின்ரை சனத்தின்ரை பண்பாட்டு நிலையம்."

அவன் மனைவி கனடாவின் பூர்வகுடி இனமொன்றைச் சேர்ந்தவள். அந்த இனத்தின் பெயரை அவள் எத்தனையோ தரம் சொல்லித்தந்தும் என் நாக்கு இன்னும் வசப்படவில்லை. கல்யாணத்தைப் படங்களில்தான் பார்த்தேன். அங்கே மகனோடு இருக்கிற அண்ணைக்கு முழங்கால் வலி. இனி அவரால் விமானம் ஏற ஏலாது. ஆகவே அவருடைய சம்பந்தியை உபசரிக்கும் பொறுப்பு என் தலையில் வந்தது. அந்த அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "சம்பந்தி எண்டால் சம்பந்திதானே" என்று முடிவாகிவிட்டது. வந்திறங்கிய நாளிலிருந்து அவர் எங்கள் எல்லோருக்கும் சம்பந்தி அம்மா.

எனக்கு அந்த வருகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் நிலையம் வடமராட்சியில், பெரிய வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. மிஷன்காரர் கட்டிய பெண்கள் விடுதி அது. தடித்த கல் மதில், நீளமான படுக்கை மண்டபம், பக்கத்தில் சாப்பாட்டுக்கூடம், பின்னால் குசினியும் கிணறும். போர்க்காலத்தில் விடுதி மூடப்பட்டது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொஞ்சக் காலம் இருந்தன. அவர்களும் போன பிறகு வௌவால்கள் குடியிருந்தன. பழைய மாணவிகளும் ஊர்ச் சனசமூக நிலையமும் சேர்ந்து திருச்சபையிடம் கேட்டு வாங்கித் திருத்தினோம். இப்போது சனிக்கிழமைகளில் அளவெட்டியிலிருந்து ஒருவர் வந்து நாதஸ்வரம் பழக்குகிறார். படுக்கை மண்டபத்தில் பிள்ளைகள் கூத்தாடுகிறார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் ஊர் வீடுகளில் சேர்த்த பழம்பொருட்கள். எல்லாக் கதவுகளின் திறப்புக் கோர்வையும் என்னிடம் இருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சருக்கு வேறென்ன வேலை?

நான் அந்த விடுதியில் ஆறு வருடம் இருந்தவள். அப்பா வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. பதினொரு வயதில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதிலுக்கு வெளியே நின்று அவர் மூக்கைச் சிந்தியது எனக்குக் கேட்டது. மாதம் முடிய ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஒரு பேணி பயத்தம் பணியாரமும் கொண்டு பஸ்ஸில் வருவார். நாங்கள் சைவக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகுமுன், விடுதிக்குப் பொறுப்பான மேட்ரன் என் திருநீற்றைத் தன் சீலைத் தலைப்பால் துடைப்பா. குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி, அழுத்தாமல். நான் கொம்பாஸ் பெட்டிக்குள் திருநீறு ஒளித்து வைத்திருந்தேன். மேட்ரனுக்கு அது தெரியும். ஒருநாள், "உன்ரை பெட்டிக்குள்ளை சோக்குத்தூள் கொட்டுண்டு கிடக்கு, மூடி வை" என்று மட்டும் சொன்னா. அப்படித்தான் எங்கள் விடுதி. எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது.

படுக்கை மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க மரச்சட்டம் அடித்து, உடுப்பும் துவாயும் கொழுவ நாற்பது கொளுக்கிகள். ஒவ்வொன்றின் கீழும் கறுப்பு மையில் இலக்கம். துவாய்க்கும் சாப்பிடும் கோப்பைக்கும் தேத்தண்ணீர்ப் பேணிக்கும் அதே இலக்கம்தான். வெளுக்க எடுத்துப்போகும் கட்டாடியார் உடுப்புகளை மாற்றிவிடக் கூடாதென்று சட்டையின் உள்விளிம்பிலும் சிவப்பு நூலால் அதைத் தைத்துக்கொள்ள வேண்டும். நான் இருபத்தேழு. கட்டடம் திருத்தியபோது மேசன் அந்தச் சட்டத்தைக் கழற்றப் பார்த்தார். நான் விடவில்லை. அழிந்த இலக்கங்களை நானே தூரிகை வாங்கி எழுதினேன். லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வருகிற பழைய மாணவிகள் ஓடிப்போய்த் தங்கள் தங்கள் கொளுக்கியின் கீழ் நின்று படம் எடுப்பார்கள். சிலர் அழுவார்கள்.

குசினியைப் பார்த்துக்கொள்பவரைப் பிள்ளைகள் குசினி அன்ரி என்பார்கள். நாங்களும் அப்படியே. என்னைவிட இரண்டு வயது இளையவர். நிலையம் தொடங்கிய புதிதில், சமைக்க ஆள் தேடியபோது தானாகவே வந்து, "எனக்கு அந்தக் குசினி தெரியும், ரீச்சர்" என்றார். பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. என் காலத்தில் விடுதிக் குசினியில் நின்ற பிள்ளை. நாங்கள் அவரைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவோம். எனக்குப் பெரிய சந்தோசம். வருகிறவர்களுக்கெல்லாம், "இவவும் எங்கடை போர்டிங் பிள்ளைதான்" என்று அறிமுகப்படுத்துவேன். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

திருவிழாவின் இரண்டாவது கிழமை அண்ணையின் மகன் அவர்களை அழைத்து வந்தான். சம்பந்தி அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அகன்ற உடம்பு, கையில் ஒரு தடி, முதுகில் நரைத்த ஒற்றைப் பின்னல். நல்லூரில் முருகனைப் பார்க்க வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற பெண்கள் அவரிடம் தமிழில் நேரம் கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் ஆங்கிலத்தில் ஒரு சிறு உரை எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். வாசிக்க வரும், கதைக்கத்தான் நாக்குத் தடக்கும்.

சாப்பாட்டுக்கூடத்தில் ஒவ்வொரு பொருளையும் நின்று நின்று பார்த்தார். பனையோலைப் பெட்டியைக் கையில் எடுத்து, விளிம்பு முடிச்சைத் திருப்பிப் பார்த்து, தங்கள் ஊரில் மரப்பட்டையில் இதே முடிச்சுப் போடுவார்கள் என்றார். பிள்ளைகள் இரண்டு கூத்துப் பாட்டுப் பாடிக் காட்டினார்கள். எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. பிறகு கொளுக்கிச் சுவருக்குக் கூட்டிப்போனேன். என் இலக்கத்தில் கைவைத்து, "இது நான்" என்றேன்.

அவர் ஒன்றிலிருந்து தொடங்கித் தடியை ஊன்றி மெல்ல நடந்தார். நாற்பதில் வரிசை முடிந்தது. அதற்கப்பால் யன்னல், யன்னலுக்கு வெளியே வேம்பு.

"என்னுடையது இங்கே இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "அறுபத்து மூன்று. அது அந்த மரத்துக்கும் அப்பால் வரும்."

எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அவரும் என்னைப் போலத்தான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டு கையைப் பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் காற்றாட வேண்டும் என்று சொல்லி, தடியைத் தட்டித் தட்டிப் பின்பக்கத்தால் வெளியே போனார்.

அவர் மகள் பின்னால் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அண்ணையின் மகன் எனக்குச் சொன்னான்:

"மாமி, அந்த விடுதிப் பள்ளிக்கூடத்திலை அவையைப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. எட்டு வருசமும் அந்த நம்பர்தான். அம்மா அந்த நம்பரை வாயாலை சொல்லி, இவ இண்டைக்குத்தான் முதல் முதல் கேக்கிறாவாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு உண்மையைச் சொன்னால், ரோசமாகவும் இருந்தது. அங்கே நடந்ததற்கு என் சுவர் என்ன செய்யும்? எங்கள் விடுதி அப்படியானதல்ல. அதை அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பின்னால் போனேன்.

அவர் குசினி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். குசினி அன்ரி எதுவும் கேட்காமல் ஒரு பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொடுத்திருந்தார். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடிக்க வேண்டுமென்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து, உடைந்த ஆங்கிலத்தில் என் விடுதிக்காக வாதாடினேன். மேட்ரனைப் பற்றி, கொம்பாஸ் பெட்டியைப் பற்றி, அப்பாவின் எண்ணெய்ப் போத்தலைப் பற்றி.

முழுவதையும் கேட்டார். பிறகு, "உன்னை இங்கே விட்டது உன் அப்பாவா?" என்று கேட்டார்.

"ஓம்."

"எங்களை ஏற்றிப்போக வீட்டுக்கு ஒரு அரசாங்க லொறி வந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்." தேத்தண்ணீர்ப் பேணியைக் கையில் உருட்டினார். "இங்கே நீங்கள் தமிழில் பேசினீர்களா?"

"வேறை என்ன பாஷை எங்களுக்குத் தெரியும்?"

தலையாட்டினார். முதல் நாளே தன் பின்னலை வெட்டினார்கள் என்றார். தன் தம்பி சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்பிள்ளைகளின் பகுதியில் இருந்தான். அவனோடு தங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் வாயில் சவர்க்காரக் கட்டியை வைப்பார்கள் என்றார். மீன் வாங்கிய கதை சொல்வது மாதிரி, ஏற்றமிறக்கமில்லாமல் சொன்னார். கடைசியில் என் முழங்கையில் தட்டி, "உனக்கு எண்ணெய்ப் போத்தல் வந்ததில் எனக்குச் சந்தோசம்," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை.

இதற்குள் அண்ணையின் மகனும் வந்துவிட்டான். குசினி அன்ரி அவனிடம், "தம்பி, என்னவாம்?" என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லையோ?"

"இல்லை, அன்ரி. நம்பர்தான்."

"எனக்கு நம்பரே தரேல்லை," என்றார் குசினி அன்ரி. "எனக்கு அதிலை எவ்வளவு ஆசை எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சம்பந்தி அம்மாவைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனார். தாய் செத்த பிறகு ஒன்பது வயதில் ஒரு போதகர் ஐயா வன்னியிலிருந்து கூட்டிவந்து விட்டாராம். படிக்கத்தான் என்று சொல்லி. ஆனால் வேலை முடிந்து வகுப்புக்குப் போக நேரம் வரவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், களஞ்சிய அறையில் படுக்கை. எங்களுக்கு முந்தி எழும்பித் தண்ணீர் அள்ள வேண்டும். எங்களுக்குப் பிறகு சாப்பிட வேண்டும்.

"ஆர் ஊருக்குப் போயிருக்கினமோ அவையின்ரை கோப்பையிலை சாப்பிடுவன். உங்கடை கோப்பையிலையும் சாப்பிட்டிருக்கிறன், ரீச்சர். அடியிலை கறுத்த வடு ஒண்டு இருக்கும்."

இருந்தது. அந்த வடு எனக்கு மட்டும் தெரிந்தது என்று அறுபது வயது தாண்டியும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒருநாள் களவாச் சிவப்பு நூல் எடுத்து, என்ரை சட்டையிலை நாப்பத்தொண்டு எண்டு தைச்சன். மேட்ரன் கண்டிட்டா. ஏசேல்லை. 'கட்டாடியாருக்குக் கணக்குப் பிழைச்சுப்போம்' எண்டு சொல்லி, பக்கத்திலை இருத்தி வைச்சு ஊசியாலை ஒவ்வொரு தையலா இழுத்தா. அண்டைக்கு நான் அழுத மாதிரிப் பிறகு ஒருநாளும் அழேல்லை."

அண்ணையின் மகன் மெல்ல மெல்ல மொழிபெயர்த்தான். சம்பந்தி அம்மா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவனிடம் ஏதோ சொன்னார். அவன் தயங்கினான்.

"சொல்லுங்கோ தம்பி," என்றார் குசினி அன்ரி.

"தன்ரை நம்பரை எடுக்கட்டாம். தனக்கு இனித் தேவையில்லையாம்."

குசினி அன்ரிக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். சம்பந்தி அம்மா வாங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்கினார். அண்ணையின் மகனுக்கும் எனக்கும் அந்தச் சிரிப்பில் இடமில்லை. நாங்கள் வாசலில் நின்றோம்.

அடுத்த நாட் காலை, பிள்ளைகள் வருமுன் குசினிக்குப் போனேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, ரீச்சர்."

"நான் எல்லாரிட்டையும் நீரும் போர்டிங் பிள்ளைதான் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன்."

"சொன்னனீங்கள். எனக்கு அது சந்தோசம்தான். அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அவர் எங்கே படுத்தார் என்று நான் அப்போதும் யோசிக்கவில்லை, பிறகும் யோசிக்கவில்லை. கணக்கில் ஒரு படி தவறவிட்டவளைப் போல அந்த நாள் முழுவதும் திரிந்தேன். மத்தியானம் தூரிகையும் மையும் எடுத்துவந்து, நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு கொளுக்கி அடித்து நாற்பத்தொன்று எழுதட்டா என்று கேட்டேன்.

"இந்த வயசிலை எனக்கு ஏன் உது?" என்றார். "வேணுமெண்டால் அந்தக் களஞ்சிய அறையைத் திறந்து கூட்டுங்கோ. நாலு வருசமாப் பெயின்ட் பேணியும் உடைஞ்ச கதிரையும் அடைஞ்சு கிடக்கு."

திருவிழா முடிந்த பிறகு சம்பந்தி அம்மா மறுபடியும் வந்தார். எங்கள் வீட்டில் திருவிழா முடியும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. குசினி அன்ரி அவருக்குப் பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழ் காய்ச்சித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கிணற்றடியில் பாய் விரித்தோம். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கூழ் குடிக்க நான் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அவர் இலையை வாங்கி, ஒரு மடிப்பில், என்னுடையதைவிட ஒழுக்கில்லாமல் கோலிவிட்டார். நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டே தங்கள் நிலையத்தைப் பற்றிச் சொன்னார். கட்டடத்தை இடித்துத் தள்ள வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்களாம். மற்றப் பாதி, அதற்குள்ளேயே இருந்து தங்கள் மொழியைப் பேச வேண்டும் என்றார்களாம்.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நான் இடிக்கச் சொன்னேன்," என்றார். "தோற்றுப்போனேன். பிறகு மொழி வகுப்புக்கு ஆளில்லை என்று என்னையே கூப்பிட்டார்கள். போனேன். எனக்கே பாதி மறந்துபோயிருந்தது. ஒரு பெரியம்மாவிடம் பின்னேரம் கேட்டுப் படித்து, அடுத்த நாட் காலையில் அதைப் படிப்பித்தேன்."

குசினி அன்ரி இன்னொரு அகப்பைக் கூழ் விட்டார். வேண்டாம் என்று கைகாட்டினாலும் கேட்க மாட்டார். அது சம்பந்தி அம்மாவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு நான் பழைய மாணவிகள் சங்கத்தின் இணையவழிக் கூட்டத்தில் களஞ்சிய அறை விசயத்தைச் சொன்னேன். மெல்பேணில் இருக்கிற ஒருத்தி, "எங்கடை போர்டிங்கின்ரை பேரை ஏன் கெடுக்கிறியள்?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து லண்டனிலிருந்து ஒருத்தி எழுதினாள்: காய்ச்சலாய்க் கிடந்தபோது அந்தப் பிள்ளை தனக்கு மட்டும் களவாகக் கஞ்சி கொண்டுவந்து தந்ததாம்; பெயர்கூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. கொளுக்கிகளைக் கழற்றுவதா என்றும் பேச்சு வந்தது. குசினி அன்ரிதான், "விடுங்கோ, வாறதுகள் படம் எடுக்கட்டும்" என்றார்.

அறையைத் துப்புரவாக்கினோம். ஒரு கூடைப் பல்லி முட்டையும் தூசியும் போனது. என்ன வைக்கலாம் என்று குசினி அன்ரியிடம் கேட்டேன். "ஒண்டும் வைக்கவேண்டாம். இருட்டாவும் விடவேண்டாம்," என்றார். ஒரு மின்குமிழ் பூட்டி, ஒரு பாய் மட்டும் விரித்தோம். இப்போது பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் முன்பக்கத்தை நான் காட்டுவேன். அந்த அறைக்கு அவரே கூட்டிப்போவார். முதல் நாள், பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வருவார்கள் என்று பயந்து நின்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. மேட்ரனின் குறட்டை, அரிசி மூட்டைக்குள் எலி பிடித்தது, பனங்கட்டி திருடித் தலையணைக்குள் வைத்து எறும்பு மொய்த்தது. ஊசியால் தையல் பிரித்த கதையையும் சொல்வார். எந்த நாளும் அல்ல, சொல்ல வேண்டும் போலிருந்தால்.

சம்பந்தி அம்மாவும் குசினி அன்ரியும் இப்போது மாதத்தில் இரண்டு தரமாவது என் கைத்தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணையின் மகனுக்கு வேலை. ஆகவே மொழிபெயர்ப்பு என்னுடையது. போன கிழமை சம்பந்தி அம்மா தன் யன்னலுக்கு வெளியே பனியைக் காட்டினார். குசினி அன்ரி சம்பந்தி அம்மாவின் முழங்காலுக்கு என்ன எண்ணெய், எப்படிக் காய்ச்சிப் பூச வேண்டும், எந்தச் சாப்பாடு கூடாது என்று நீளமாகச் சொன்னார். நான் இரண்டு வசனத்தில் முடித்தேன்.

"நான் சொன்னது அவ்வளவும் சொன்னனீங்களே, ரீச்சர்?"

"ஓம், சொன்னனான்."

"இல்லை. நான் சொன்னது நீளம், நீங்கள் சொன்னது கட்டை. வேப்பெண்ணெய் எங்கை?"

வேப்பெண்ணெய்க்கு ஆங்கிலம் எனக்குச் சட்டென்று வரவில்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, போத்தலை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்து, "இது, இது" என்று தமிழிலேயே சொல்லத் தொடங்கினார்.